கணவாயில் கூட வந்தவன்

மே மாதம் பாதி கழிந்திருந்த ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நயினார் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தான். எண்ணெய் வரவில்லை. குலுக்கினான். அப்போதும் வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது பாட்டில் முழுவதும் மெழுகு ஊற்றி வைத்ததுபோல வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

பம்பாயில் எண்ணெய் உறைவது ஜனவரியில் ஏதோ சில நாட்கள்தான். இப்போதோ திலக் நகரின் ஹவுசிங் போர்டுக் கட்டடங்கள் அத்தனையும் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தன. குளித்துவிட்டு வந்த முதுகைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வேர்த்தது. மழை எப்போது இறங்கும் என்று ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போகத் தொடங்கவும் நயினார் அதைச் சட்டென்று அலமாரியில் வைத்துவிட்டான்.

“வள்ளி, இத யாரு ஐஸ்ல வச்சது?”

அடுப்படியிலிருந்து கனகவள்ளி, “ஐஸா? காலங்காத்தால என்ன பேச்சு பேசுதிய,” என்றாள்.

அந்த அலமாரிக்குக் கீழேதான் தம்பி தங்கபாண்டி உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த நாள்முதல் அவன் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஸ்டேஷனில் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவன்போலத்தான் தூங்குவான். பேச்சுக்குரலில் கண் விழித்தவன் அண்ணனுடைய பார்வை போன இடத்தைப் பார்த்தான். எழுந்து வந்து பாட்டிலை ஒரு விரலால் தொட்டான். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான்.

“கடலத் தாண்டிட்டான்,” என்றான் மெல்ல.

“யாருல?”

“ஒண்ணுமில்லண்ணே.”

நயினார் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் ஒரு கதை வரும். அந்தக் கதையில் நயினார் பார்க்காத ஓர் ஊர் இருக்கும்.

பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் நயினாருக்குக் குமாஸ்தா வேலை. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்கு என்று நாள் முழுக்க எழுதுவான். பஸ்ரா, குரம்ஷார், பிரேயஸ், ஹாம்பர்க். தாராவியில் அவன் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த பெயர்கள் அவை. என்றைக்காவது போகலாம் என்று பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தான். டிரங்குப் பெட்டியில் கனகவள்ளியின் கூறைப் புடவைக்கு அடியில், ஒரு முத்திரைகூட விழாமல், அந்துருண்டை வாசனையோடு அது கிடந்தது.

ஒருமுறை அந்த ஆசைக்கு ஒரு கதவு திறந்தது. ஒரு பழைய வேனைக் கப்பலில் ஏற்ற ஆபீசுக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்களோடு நயினார் பேசிப் பழகினான். பஸ்ராவில் வேனை இறக்கி, அங்கிருந்து ரோடு வழியாகவே ஐரோப்பா போவதுதான் அவர்கள் திட்டம். ஓட்டல் கிடையாது. ரோட்டோரம் சமைத்து ரோட்டோரம் தூங்குவது, அவ்வளவுதான். நானும் வரட்டுமா என்று நயினார் கேட்டான். பார்க்கலாம் என்றார்கள். வேன் மட்டும் சரியாக ஓடவில்லை என்றார்கள். குர்லாவில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தம்பியை அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். தங்கபாண்டி வேனுக்கு அடியில் படுத்தான், எழுந்தான், கையைத் துடைத்துக்கொண்டான். இன்ஜின் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேனில் இருந்தது ஓர் இடம். அதற்கு ஒரு மெக்கானிக் தேவைப்பட்டான். குமாஸ்தா தேவைப்படவில்லை.

“நீங்க போகச் சொன்னா போறேண்ணே. இல்லன்னா வேண்டாம்,” என்றான் தங்கபாண்டி.

நயினார் போகச் சொன்னான். பாஸ்போர்ட் வாங்க அலைந்ததும் அவனே. பல்லார்ட் பியர் கப்பல்துறையில் நின்று கையசைத்தான். கப்பல் கண்ணுக்கு மறைந்தபின் ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வெகுநேரம் நின்றான்.

அறுபத்தெட்டு மார்ச்சில் தங்கபாண்டி திரும்பி வந்தான். வேன் கிரீஸ் நாட்டில் உயிரை விட்டதாம். பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோக, இவன் ஒரு கான்வாஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு யுகோஸ்லாவியா, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று தனியாகச் சுற்றியிருக்கிறான். திராட்சை பறித்தான். பாத்திரம் கழுவினான். லாரிகளை மறித்து ஏறினான். திரும்பும்போது துருக்கி, ஈரான் வழியாக பஸ்ராவுக்கு வந்து, கப்பலின் மேல்தளத்தில் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு படுத்து ஊர் சேர்ந்தான்.

வீடுகளுக்கு முன்னால் ஓடும் நீளமான காலரியில் தினமும் சாயங்காலம் ஜமக்காளம் விரிந்தது. பக்கத்து வீட்டு ராபியா முறுக்குத் தட்டோடு வந்து உட்காருவாள். அடுத்த கட்டடத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தங்கபாண்டி சொல்லுவான், கனகவள்ளி சிரிப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நயினார் பார்த்ததில்லை.

“பாக்தாத்ல குருத்வாராவுல படுத்துக் கெடந்தேன் மதினி. காலையில எந்திரிச்சா பக்கத்துல ஒரு ஆறு.”

“டைக்ரிஸ்,” என்றான் நயினார் கதவோரத்திலிருந்து.

“பேரு தெரியலண்ணே. தண்ணி மண்ணு கலர்ல இருக்கும். கால நனைச்சேன்.”

எல்லாரும் தங்கபாண்டியின் காலைப் பார்த்தார்கள். அந்தக் கால் நனைந்த ஆற்றின் பெயர் தெரிந்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர்கூடத் தெரியாதவனுக்கு ஆறு. பெயர் தெரிந்தவனுக்கு எட்டரை மணி லோக்கல் ரயில்.

மாட்டுங்காவில் தமிழ் மன்றத்துக்காரர்கள் மேடை போட்டுத் தங்கபாண்டிக்கு மாலை போட்டார்கள். செயலாளர் வானமாமலை, வழுக்கைத் தலையும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக வாசலிலேயே நின்று நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்கோ வாங்கோ. இப்பேர்ப்பட்ட தம்பிக்கு அண்ணாவாப் பிறக்கக் கொடுத்து வச்சிருக்கணும் சார்.” நயினார் சிரித்தான். அன்றைக்கு முழுக்க அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்காமல் தாடை வலித்தது.

எண்ணெய் உறைந்த காலைக்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. பானைத் தண்ணீர் பல் கூசும்படி இருந்தது. அலமாரிக்குக் கீழே தங்கபாண்டி சாய்ந்து உட்காரும் சுவரில் கை வைத்தால் நனைந்த கல்லைத் தொட்டாற்போலிருந்தது. தெருவெல்லாம் தார் உருகும் மத்தியானத்தில் கனகவள்ளி போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஏன் போர்த்திக்கொண்டோம் என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். விடியற்காலையில் பால்காரனும் வராத அந்த நேரத்தில், தொலைவில், கிழக்குப் பக்கமாக, கல்லுப்பின்மேல் யாரோ நடப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நறுக். நறுக். நின்று, மறுபடி நறுக்.

தங்கபாண்டி கதை சொல்வதை நிறுத்திவிட்டான். கூட்டம் வந்தால் தலை வலிக்கிறது என்றான். அவனுக்குத்தான் எவ்வளவு பவிசு என்று நயினார் நினைத்துக்கொண்டான். பொழுது மங்கும் ஒரு வேளையில், ஜமக்காளம் விரிக்காத காலரியில், தம்பி தானாகவே வந்து பக்கத்தில் நின்றான்.

“அண்ணே, ஒரு விசயம். மதினிட்ட சொல்லாதிய.”

“சொல்லு.”

“துருக்கியில ஒரு கணவாய். மேல ரோடு மூடிட்டுன்னு லாரிக்காரன் பாதியில எறக்கி விட்டுட்டான். நடந்தாத்தான் உண்டு. சுத்திலும் பனி. காக்கா குருவி சத்தம்கூட கெடையாது. அப்ப பின்னால ஒருத்தன் வந்தான். கையில பை இல்ல, ஒண்ணுமில்ல. கூட வரட்டுமான்னு கேட்டான்.”

“என்ன பாசையில கேட்டான்?”

“அதாம்ண்ணே. எனக்கு வெளங்குச்சு. என்ன பாசைன்னு அந்நேரம் தோணல. பேச்சுத்தொணைக்கு ஆள் இல்லாம மாசக்கணக்கா கெடந்தவன், வாயேன்னுட்டேன்.”

கீழே யாரோ பக்கெட்டை வைக்கும் சத்தத்துக்குத் தங்கபாண்டி திடுக்கிட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பொறவு விடல. எங்க படுத்தாலும் பக்கத்துல படுப்பான். ரொட்டியப் பிச்சா பாதி கேப்பான். திங்க மாட்டான், கையில வச்சுட்டே நடப்பான். நான் பேசுதத கேட்டுக் கேட்டு என்னைய மாதிரியே பேசப் படிச்சிட்டான். அவன் பக்கத்துல இருந்தா குளிரு எலும்புக்குள்ள போகும். பஸ்ராவுல ஏணிய எடுக்கப்போற நேரத்துல ஓடிப்போயி கப்பல்ல ஏறிட்டேன். அவன் கரையில நின்னான். கப்பல் நகந்துச்சு. அவன் கரையோரமாவே நடந்து வந்தான். நான் பாக்குத மட்டும் நடந்துக்கிட்டேதான் இருந்தான்.”

“அவந்தான் கடலத் தாண்டிட்டானா?”

“கிட்ட வந்துட்டான். எனக்கு அந்தக் குளிரு தெரியும்ண்ணே.” தங்கபாண்டி அண்ணனின் கையைப் பிடித்தான். உள்ளங்கை ஐஸாக இருந்தது. “ஈரான்ல ஒரு கெழவன் சொன்னான். அவனுக்கு மொகம் அடையாளம் தெரியாதாம். வாசலுக்கு வாசல் நின்னு கேட்டுத்தான் ஆகணுமாம். என்கூட நடந்தது நீதானான்னு கேப்பான். இல்லன்னு சொல்லிட்டா அடுத்த வாசலுக்குப் போயிருவான். இங்க அப்படி யாருமில்லன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

நயினார் சரியென்று தலையை ஆட்டினான். பயம் வரவில்லை. வந்தது வேறொன்று. கணவாய் இவனுக்கு. பனி இவனுக்கு. இப்போது ஒரு பேய்கூட அத்தனை தேசத்தையும் கடந்து இவனைத் தேடித்தான் வருகிறது. என்னைத் தேடி யார் வந்தார்கள் இதுவரை?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானமாமலை வீட்டுக்கே வந்துவிட்டார். மன்றத்தில் இன்னொரு கூட்டம், ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தம்பி மறுபடி வரவேண்டும் என்றார். கனகவள்ளி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். நயினார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். செம்பூர் ஸ்டேஷனில் முதலில் வந்த வண்டியில் ஏறினான். அது மான்குர்த்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் தண்டவாளம் இல்லை. அவனால் போக முடிந்த தூரம் அதுதான்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் குடிசைகளைத் தாண்டிப் போனால் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைப் பாத்திகள், குவித்து வைத்த உப்பு, அதன்மேல் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் நின்றான். சேற்று நாற்றமும் உப்புக்காற்றும் அடிக்கும் இடத்தில் அன்றைக்கு ஒரு வாசனையும் இல்லை. கழுவித் துடைத்துவிட்டதுபோலக் காற்று வெறுமையாக இருந்தது. காலடியில் பாத்தித் தண்ணீரின்மேல் கண்ணாடித் தகடுபோல ஏதோ மூடியிருந்தது. செருப்பு நுனியால் தட்டினான். உடைந்தது.

ஐஸ்.

நிமிர்ந்து பார்த்தான். உப்பளத்தின் அந்தக் கோடியில், கானல் அசைவுக்குள், ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். அவ்வளவு தூரத்தில் வருகிறவன் கால்சத்தம் நயினாரின் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நறுக். நறுக். முழங்கால்வரை உப்புக்குள் புதைந்தவன்போல அவன் குட்டையாகத் தெரிந்தான். ஆனாலும் நடந்தான். உப்பு வாருகிறவர்களின் குடிசை ஒன்றின் முன்னால் நின்றான். ஒரு பெண் வெளியே வந்தாள். அவன் என்னவோ கேட்டான். அவள் இல்லையென்று தலையசைத்து, தோளைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் அடுத்த குடிசைக்குப் போனான். அங்கேயும் தலையசைத்தார்கள். அதற்கடுத்த குடிசை.

எத்தனை வாசல்கள் தலையசைத்திருக்கும் என்று நயினார் நினைத்தான். எத்தனை ஊர். மலை, பாலைவனம், கடல் என எல்லாவற்றையும் காலாலேயே அளந்து வந்திருக்கிறான். அந்தக் குட்டை உருவத்தைப் பார்த்தபடி நின்ற நயினாருக்கு முதலில் வந்தது பொறாமைதான். அதை உணர்ந்த பிறகுதான் பயம் வந்தது. திரும்பி ஓடினான். ஸ்டேஷன் வரும்வரை ஓட்டத்தை நிறுத்தவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. தங்கபாண்டி மன்றத்துக் கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்வதையும், கனகவள்ளி “எவ்வளவு ஆசையாக் கூப்பிடுதாவ, போகாம இருந்தா நல்லாவா இருக்கு தம்பி,” என்று கெஞ்சுவதையும் பார்த்தான். சொல்லவில்லை.

கூட்டத்தன்று பகல் முழுக்க வானம் கறுத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது. முதல் மழை இன்றைக்கு இறங்கிவிடும் என்று காலரியில் பேசிக்கொண்டார்கள். நயினார் ஆபீசிலிருந்து வந்தபோது கனகவள்ளி பட்டுடுத்தி நின்றாள்.

“நீங்களும் கெளம்புங்க.”

“தலைய வலிக்கி. நீங்க போங்க.”

தங்கபாண்டி செருப்பை மாட்டிவிட்டுக் கழற்றினான். “நான் போகலண்ணே. உங்ககூட இருக்கேன்.”

“எதுக்கு?”

“யாராச்சும் வந்தா…”

“எனக்குப் பதில் சொல்லத் தெரியாதால? போ. உனக்கு மாலை காத்துக் கெடக்கு.”

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த கசப்பு தங்கபாண்டிக்கு எட்டியிருக்க வேண்டும். அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மதினியின் பின்னால் படியிறங்கிப் போனான்.

நயினார் நாற்காலியைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாட்டுங்காவில் இப்போது வானமாமலை மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கனகவள்ளி முன்வரிசையில் இருப்பாள். பனியைப் பற்றித் தம்பி சொல்லும்போது வாயைப் பிளந்து கேட்பாள். காலரியில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. எங்கோ ரேடியோ பாடியது. எண்ணெய் காயும் வாசனை, சாம்பிராணி வாசனை, மழைக்கு முந்தைய மண் வாசனை எல்லாம் கலந்து கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தன.

மின்னல் ஒன்று வெட்டியது. விளக்கு அணைந்தது. ரேடியோ நின்றது. “லைட் பந்த்,” என்று யாரோ கத்தினார்கள். குழந்தைகளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பிறகு வாசனைகள் போயின. முதலில் எண்ணெய். அடுத்து சாம்பிராணி. கடைசியாக மண்.

காற்று வெறுமையாக நின்றது.

கீழ்த்தளத்தில் ஒரு கதவைத் தட்டும் சத்தம். ஒரு குரல் எதையோ கேட்டது. “நஹி, நஹி,” என்று பதில். கதவு சாத்திக்கொண்டது. அடுத்த கதவு. தட்டல். கேள்வி. “இங்க இல்லப்பா.” சாத்தல். நயினார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த மரம் சில்லிட்டது.

படிக்கட்டில் சத்தம் ஏறியது.

அது காலடிச் சத்தமாக இல்லை. நறுக்கென்று ஒன்று ஊன்றும். பிறகு இழுபடும். ஊன்றும். இழுபடும்.

முதல் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டல். ஒவ்வொரு கதவிலும் இல்லை.

இரண்டாம் மாடி. அவன் மாடி.

மூச்சு வெள்ளையாக வெளியே வருவதை நயினார் பார்த்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இங்க அப்படி யாருமில்ல. இங்க அப்படி யாருமில்ல. சின்ன வாக்கியம். குழந்தைகூடச் சொல்லும்.

பக்கத்துக் கதவு. ராபியாவின் குரல். “யாரத் தேடுறீங்கன்னு தெரியலையே. எங்க வீட்ல இல்லங்க.” தாழ்ப்பாள் விழுந்தது.

ஊன்றல். இழுபடல்.

நின்றது.

தட்டல்.

கதவைத் திறக்காமலேயே பதில் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கை அதற்குள் தாழைத் தூக்கிவிட்டது.

எதிரே யாரும் இல்லை. காலரியின் இருட்டு மட்டும் இருந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்தினான். அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு முகம் அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. புருவத்திலும் தாடியிலும் பனி. உருகாத பனி. முகத்தின் மேடுபள்ளங்கள் பழைய காசுபோல மழுங்கியிருந்தன. கீழ்ப்படியில் நிற்கிறானோ என்று நயினார் ஒரு கணம் நினைத்தான். அங்கே படி இல்லை. அவன் தொடைகளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நடந்து நடந்து, பாதமும் கணுக்காலும் முழங்காலும் தேய்ந்துபோய், மிச்சமிருந்த தொடையின் வெள்ளை முனைகளில் அவன் ஊன்றி நின்றான். ஒரு கையில் பாதி ரொட்டி. கல்லாகிப்போன ரொட்டி.

“பனியில, அந்தக் கணவாயில, என்கூட நடந்தது நீங்கதானா?”

தங்கபாண்டியின் குரல். அச்சு அசல் தங்கபாண்டி.

நயினார் வாயைத் திறந்தான். இல்லை என்ற சொல் நாக்கின்மேல் தயாராக இருந்தது. மழுங்கிய முகம் காத்திருந்தது. அது எவ்வளவு மரியாதையாகக் காத்திருந்தது. அந்தக் கண்கள் அவனையே பார்த்தன. பின்னால் யாரையும் தேடவில்லை. அவனைத் தாண்டி வேறொருவரைப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வியை உலகத்தில் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. இனியும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. லாரிகளும் திராட்சைத் தோட்டங்களும் அந்த மண் கலர் ஆறும் பனி மூடிய மலையும் ஒரே ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தன.

“ஆமா,” என்றான். “நான்தான்.”

அது சிரித்தது.

“தெரியும்ண்ணே. எங்கயாச்சும் இருப்பியன்னு தெரியும்.”

ரொட்டியை நயினாரின் உள்ளங்கையில் வைத்தது. விரல்கள் ரொட்டியைச் சுற்றித் தாமாகவே மூடிக்கொண்டன. திறக்க முடியவில்லை.

“எனக்குக் கால் தேஞ்சு போச்சு. இனிமே நீங்கதான் தூக்கணும்.”

அது அவன் வேட்டியைப் பற்றியது. சட்டையைப் பற்றியது. ஏறியது. கூச்சலிட வாய் திறந்தான். வெள்ளை மூச்சு மட்டும் வந்தது. இரண்டு கைகள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டின. தோள்மேல் ஒரு மோவாய் வந்து அமர்ந்தது. அது தொட்ட இடத்தில் தோள் மரத்துப்போனது.

“போவமா?”

கால்கள் கிளம்பின. அவனுடைய கால்கள்தான். அவன் சொல்லாமல் கிளம்பின. காலரி. படி. அடுத்த படி. கைப்பிடியைப் பிடிக்க முயன்றான். கை எழவில்லை.

படித்திருப்பத்தில் கீழேயிருந்து கனகவள்ளி ஏறி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் பாதியில் கலைந்திருக்க வேண்டும். பட்டு நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கழுத்தில் மாலையோடு தங்கபாண்டி.

“என்னமா குளிருது இங்க,” என்று கனகவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி, அவனைக் கடந்து மேலே போனாள். அவன் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போனாள். பார்க்கவில்லை.

தங்கபாண்டி பார்த்தான். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

“தம்பி,” என்றான் நயினார். குரல் வந்தது. “ஏல, நான்தாம்ல. அண்ணன்ல.”

தங்கபாண்டி கண்களை இறுக மூடிக்கொண்டான். மாலையின் பூக்கள் மொரமொரவென்று விறைத்து நெஞ்சிலிருந்து உதிர்ந்தன.

“நான் இல்ல,” என்றான் மூடிய கண்ணோடு. “இங்க அப்படி யாருமில்ல. நான் இல்ல. இங்க அப்படி யாருமில்ல.”

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நயினாரின் கால்கள் அவனைத் தாண்டி இறங்கின.

வெளியே மழை. முதல் மழையில் நனையக் குழந்தைகள் தெருவில் இறங்கியிருந்தன. கடைத் தாழ்வாரங்களில் ஆட்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நயினார் அவர்கள் நடுவே நடந்தான். ஒரு துளிகூட அவன்மேல் விழவில்லை. செம்பூர் ஸ்டேஷன் போயிற்று. குர்லா போயிற்று. செருப்பு வார் அறுந்து பின்னால் எங்கோ கிடந்தது. நிற்க முடியவில்லை. வடக்கே போகும் ரோடு ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. காதோரத்தில் தங்கபாண்டியின் குரல் மெல்ல, பிரியமாக, ஊர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தது. வலிக்கிறதே என்று நயினார் குனிந்து காலைப் பார்த்தான். மழையில் கறுத்துப் பளபளக்கும் தார் ரோட்டில், அவன் பாதம் பட்டுத் தேய்ந்த இடமெல்லாம், சாக்பீஸால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு ஒன்று விழுந்துகொண்டே வந்தது.